சி நிரலைப் பைதானுக்கு மாற்றினேன், ஹேஷ் எண் ஒத்துவரவில்லை

மோர்மிளகாய்:
எங்கள் ஊர் வாசகசாலையின் உறுப்பினர் பட்டியல் பழைய சி நிரல் ஒன்றில் ஓடுகிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஹேஷ் எண் (பெயரின் எழுத்துகளிலிருந்து கணக்கிடும் எண்) போட்டுக் கோப்பில் வைத்திருக்கிறது. 5381-இல் தொடங்கி, எழுத்துக்கு எழுத்து 33-ஆல் பெருக்கி, அந்த எழுத்தின் மதிப்பைக் கூட்டுகிற முறைதான். வரிக்கு வரி பைதானில் எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் 3 எழுத்துப் பெயருக்குச் சரியாக வருகிறது. 4 எழுத்தானாலே தப்பு. 20 எழுத்துப் பெயருக்கு 35 இலக்கத்தில் ஒரு எண் வந்து நிற்கிறது! பழைய எண்களை மாற்ற முடியாது. எங்கே கோட்டை விட்டேன்?

நடுஇரவு:
சி-யில் அந்த மாறி 32 பிட் அன்சைன்டு இன்ட் ஆக, அதாவது கழித்தல் குறி இல்லாத முழு எண்ணாக இருக்கும். நிரம்பினால் மேல் பிட்டுகளைச் சத்தமில்லாமல் கொட்டிவிடும். பைதானில் முழு எண்ணுக்கு அந்த எல்லை கிடையாது, வளர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு சுற்றிலும் % 4294967296 போடுங்கள், அதாவது 2-இன் 32-ஆம் அடுக்கால் வகுத்து மீதியை மட்டும் வையுங்கள்.

மோர்மிளகாய்:
ஆங்கிலப் பெயர்கள் சரியாகிவிட்டன, நன்றி. தமிழ்ப் பெயர்கள்தான் இன்னும் மக்கர் பண்ணுகின்றன. வெறும் ‘அ’ கொடுத்துப் பார்த்தேன். எனக்கு 180522, பழைய நிரலில் 193339320.

நடுஇரவு:
பைதான் ‘அ’வை 2949 என்ற ஒரே குறியாக எடுக்கிறது. சி-க்கு எழுத்தெல்லாம் தெரியாது, பைட்தான் தெரியும். எழுத்துகளை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ 3 பைட்: 224, 174, 133. பெயரை அப்படி பைட்டுகளாக மாற்றிவிட்டு (என்கோடு) பைட் பைட்டாக ஓட்டுங்கள்.

மோர்மிளகாய்:
193626808. பக்கத்தில் வந்துவிட்டது, ஆனால் அது இல்லை.

கரும்பலகை:
நடுவில் நுழைகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சி நிரலில் ஒரு பைட்டை வைக்கும் வகை வெறும் சார் (char) என்று இருக்கிறதா, அன்சைன்டு சார் என்றா? வெறும் சார் என்றால் இன்டெல் கணினிகளில் பொதுவாக அது -128 முதல் 127 வரைதான். 224 அங்கே -32 ஆகிவிடும். 127-க்கு மேற்பட்ட பைட்டில் 256-ஐக் கழித்துவிட்டுக் கூட்டுங்கள். ஆங்கில எழுத்துகள் 127-ஐத் தாண்டாததால் தப்பித்தன. வேடிக்கை என்னவென்றால், இதே சி நிரலை ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் லினக்ஸில் கம்பைல் செய்தால் உங்களுடைய 193626808-தான் வரும். அங்கே சார் அன்சைன்டு.

மோர்மிளகாய்:
வெறும் சார்தான்! 193339320 வந்துவிட்டது. கோப்பு முழுக்க ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் பொருந்துகிறது. ஆனால் ‘பொன்னி’ என்று நானே தட்டச்சு செய்து தேடினால் மட்டும் கிடைக்கவில்லை. பெயர் கோப்பில் இருக்கிறது.

கரும்பலகை:
கோப்பில் ‘பொ’வின் ஒற்றைக்கொம்பும் காலும் இரண்டு தனிக் குறிகளாக இருக்கலாம். உங்கள் விசைப்பலகை ஒரே குறியாகப் போடும். கண்ணுக்கு ஒன்றுதான், பைட் வேறு. இரண்டின் பைட்டுகளையும் அச்சிட்டுப் பாருங்கள். அப்படித்தான் என்றால் கோப்பில் கை வைக்க வேண்டாம், எண்கள் கெட்டுவிடும். தேடும்போது இரண்டு வடிவத்திலும் தேடச் சொல்லுங்கள்.