சூடானால் நின்றுவிடும் பெட்ரோல் கார்: கிராங்க் சென்சார் மாற்றியும் தீரவில்லை

2008 மாடல், 1.1 லிட்டர், நாலு சிலிண்டர் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்) பெட்ரோல் கார். 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இடம் கோவை. மூன்று வாரமாக இதே தொல்லை.

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். 25-30 நிமிடம் ஓடி, டெம்பரேச்சர் முள் பாதிக்கு வந்தபின், சிக்னலில் நிற்கும்போது பொட்டென்று ஆஃப். திணறலோ இழுவைக் குறைவோ முன்னால் தெரிவதில்லை. அதன்பின் செல்ஃப் சுற்றும், ஆனால் பிடிக்காது. 20 நிமிடம் பானட்டைத் திறந்து வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது.

நின்ற நிலையில் பார்த்தவை: சாவி போட்டதும் பம்ப் இரண்டு நொடி ஓடுகிறது, பிரஷர் 3 பார். ஆனால் பிளக்கில் பொறி இல்லை, இன்ஜெக்டருக்கு பல்ஸும் (பெட்ரோலைத் தெளிக்கச் சொல்லும் மின்துடிப்பு) இல்லை. செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) பூஜ்யம். எரர் கோட் எதுவும் பதிவாகவில்லை.

பிளக், ஃபியூயல் ஃபில்டர் புதிது. த்ராட்டில் பாடி சுத்தம் செய்தாயிற்று. பிளக்குக்குப் பொறி தரும் காயிலை மாற்றியது வீண் செலவு. பொறியோடு இன்ஜெக்டர் பல்ஸும் சேர்ந்து போகும்போது காயிலைச் சந்தேகித்திருக்கவே கூடாது. இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரும் (ஒரிஜினல் அல்ல) புதிது. அதன் ரெசிஸ்டன்ஸ் குளிரில் 560 ஓம், சூட்டில் 670 ஓம். தாமிரச் சுருளுக்கு இந்த ஏற்றம் இயல்புதான். அளந்தது சென்சார் முனையில் மட்டும். சென்சாரின் ஒயர் சைலன்சர் மேனிஃபோல்டை (சூடான புகை வெளியேறும் குழாய்) ஒட்டிப் போகிறது. கப்ளர் (ஒயர் இணைப்பு) அருகே உறை வெடித்திருக்கிறது.

கேள்வி இதுதான்: கோளாறு ஒயரிங்கிலா, ஈசிஎம்மிலா (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) என்பதைச் சூடாக நின்ற அந்த 20 நிமிடத்துக்குள் பிரித்தறிய, எந்த இடத்தில் எதை அளக்க வேண்டும்?