தனியார் தரிப்பிட அறிவிப்பு: அறுபது பவுணைக் கட்டிவிடுவதா, எதிர்த்து எழுதுவதா?

லெஸ்டர் வாசன்
எல்லோருக்கும் வணக்கம். இம்மாதம் 3ஆம் திகதி நாங்கள் வழக்கமாகப் போகும் வணிக வளாகத் தரிப்பிடத்தில் எங்கள் வண்டி 5 மணி 45 நிமிடம் நின்றதாகவும், அங்கே 3 மணி நேரம் மட்டுமே இலவசம் என்பதால் 100 பவுண் கட்ட வேண்டும் என்றும், 14 நாட்களுக்குள் கட்டினால் 60 பவுண் போதும் என்றும் ஒரு தனியார் நிறுவனம் எழுதியிருக்கிறது. கடிதம் 12ஆம் திகதி கிடைத்தது. உண்மையில் அன்று வண்டி அங்கே இரண்டு தடவை போய்வந்தது. காலை 10.05க்கு நுழைந்து 10.40 அளவில் வெளியே வந்தது, பின்னர் 3.10 அளவில் மீண்டும் நுழைந்து 3.50க்கு வெளியே வந்தது. கடிதத்தில் காலை நுழைவும் மாலை வெளியேற்றமும் மட்டுமே படமாக உள்ளன. இடையில் நடந்தது எதுவும் கேமராவுக்குத் தெரியவில்லை போலும். வண்டியை யார் ஓட்டினார் என்றால் [இவ்வரி பதிவரால் நீக்கப்பட்டது]. வீட்டில் எல்லோரும் "கட்டித் தொலையுங்கள்" என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

கணக்கர்
வீட்டில் சொல்வதைக் கேளுங்கள். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். இன்று கட்டினால் 60. எதிர்த்துத் தோற்றால் 100. விட்டுவிட்டால் கடன் வசூல் செலவு என்று இன்னொரு 70 சேரும். நீதிமன்றம் வரை போனால் வழக்குப் பதிவுக் கட்டணம் 35, வழக்கறிஞர் செலவு 50, விசாரணைக் கட்டணம் 27 என்று ஏறிக்கொண்டே போகும். சிசிஜே எனப்படும் நீதிமன்றத் தீர்ப்பு உங்கள் பெயரில் பதிவாகி, ஒரு மாதத்துக்குள் நீங்கள் பணத்தைக் கட்டாவிட்டால், அது ஆறு ஆண்டுகள் பதிவேட்டில் நிற்கும். அதற்கிடையில் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் தெரியும் அதன் அருமை. இத்தனைக்கும் மேலாக, உங்கள் மாலை நேரத்துக்கு ஒரு மதிப்பும் இல்லையா?

பழைய லண்டன்வாசி
கட்டவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். குப்பையில் போடுங்கள். இது அரசாங்கத் தண்டம் அல்ல, தனியார் விலைச்சீட்டு. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் எனக்கு வந்த மூன்று கடிதங்களை அப்படித்தான் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

நிலாமதி
பழைய லண்டன்வாசி அண்ணா சொல்வது 2012 அக்டோபருக்கு முந்தைய காலத்தில் ஓரளவு செல்லுபடியான அறிவுரை. அந்த மாதம் முதல் நடைமுறைக்கு வந்த சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் சக்கரப் பூட்டுப் போடுவதைத் தடை செய்தது. அதற்கு ஈடாக அதன் நான்காம் அட்டவணை, ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டாலும் 'கீப்பர்', அதாவது டிவிஎல்ஏ எனப்படும் அரசின் வாகனப் பதிவு நிறுவனத்தின் பதிவேட்டில் யார் பெயரில் வண்டி இருக்கிறதோ அவரிடமே பணத்தைக் கேட்கும் உரிமையைத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுத்தது. ஒரு தடவைக்கு 2 பவுண் 50 பென்ஸ் கட்டினால் டிவிஎல்ஏ அவர்களுக்கு உங்கள் பெயரையும் முகவரியையும் தந்துவிடுகிறது. இன்று கடிதத்தைக் குப்பையில் போடுபவர், வழக்கு வந்தது தெரியாமலே தோற்பவராகிவிடலாம்.

கணக்கரே, நீங்கள் புறக்கணிப்பதையும் மேன்முறையீடு செய்வதையும் ஒரே தட்டில் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் பட்டியலிட்ட 70, 35, 50, 27 எல்லாம் பதில் எழுதாமலோ தோற்ற பின் கட்டாமலோ இருப்பவருக்கு வருபவை. வாசன் அண்ணா முதலில் நிறுவனத்துக்கு எழுதுகிறார். மறுத்தால், அந்த நிறுவனம் பிபிஏ என்ற தரிப்பிட நிறுவனச் சங்கத்தின் உறுப்பினர் என்றால் 28 நாட்களுக்குள் 'பாப்லா' என்ற மேன்முறையீட்டு அமைப்புக்குப் போகிறார். ஐபிசி என்ற இன்னொரு சங்கத்தின் உறுப்பினர் என்றால் 'ஐஏஎஸ்' என்ற மேன்முறையீட்டு அமைப்புக்குப் போகிறார். இரண்டும் அவருக்கு இலவசம். பாப்லாவில் வென்றால் அந்த முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். தோற்றால் 60 பவுண் சலுகை போய் 100 நிற்கும். ஆக அவர் பந்தயம் வைப்பது 40 பவுண் மட்டுமே.

வாசன் அண்ணா, இன்னொன்று. ஓட்டியவர் யார் என்ற வரியை இங்கிருந்து நீக்கச் சொன்னது நான்தான். கடிதத்திலும் எழுத வேண்டாம். "வண்டி நுழைந்தது, வண்டி வெளியேறியது" என்று எழுதினால் போதும்.

ஹாரோ கடைக்காரர்
இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. உண்மை உங்கள் பக்கம் இருக்கிறது என்றால் ஓட்டியவர் பெயரை ஏன் மறைக்க வேண்டும்?

நான் ஒரு சிறு கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பின்பக்கம் முப்பத்திரண்டு வண்டிகள் நிற்கும் தரிப்பிடம். ஐந்து நிமிட நடையில் ரயில் நிலையம். கட்டணமும் கேமராவும் இல்லாத காலத்தில் காலை எட்டு மணிக்கே நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் இடத்தை நிரப்பிவிட்டு மாலை ஆறு மணிக்குத்தான் எடுப்பார்கள். அரிசி மூட்டையை வாங்க வருகிற அம்மா இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார். சக்கரப் பூட்டும் இல்லை, கட்டணமும் இல்லை என்றால் நாங்கள் எதை வைத்து அந்த இடத்தைக் காப்பது? 2015இல் உச்ச நீதிமன்றம், பார்க்கிங்ஐ என்ற தரிப்பிட நிறுவனத்துக்கும் பீவிஸ் என்ற வண்டிக்காரருக்கும் இடையிலான வழக்கில் இதைத்தான் ஏற்றுக்கொண்டது. செம்ஸ்ஃபோர்ட் வளாகம் ஒன்றில் இரண்டு மணி நேரம் இலவசமாக நிறுத்தலாம். அந்த மனிதர் 56 நிமிடம் கூடுதலாக நின்றார். 85 பவுண் கேட்டார்கள். இடம் கைமாறிக்கொண்டே இருப்பதில் நிலத்துக்காரருக்கும் கடைகளுக்கும் நியாயமான அக்கறை உண்டு, அதனால் இது சட்டவிரோத அபராதம் அல்ல என்று ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் சொன்னார்கள். அதன் பிறகும் நிலாமதி போன்றவர்கள் ஓட்டைகளைத் தேடிக் கற்றுக்கொடுக்கிறீர்கள்.

நிலாமதி
கடைக்கார அண்ணா, உங்கள் அரிசி மூட்டை அம்மா மீது எனக்கும் இரக்கம் உண்டு. ஆனால் அதே தீர்ப்பை முழுவதும் படியுங்கள். அந்த வளாகத்தில் நுழைவாயில் முதல் உள்ளே வரை ஏறக்குறைய இருபது அறிவிப்புப் பலகைகள், பெரிய எழுத்தில், எவர் கண்ணுக்கும் தவறாதபடி இருந்தன என்பதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். இரண்டாள் உயரத்தில் கம்பத்தில் தொங்கும், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தைக் கொண்ட பலகைக்கு அந்தத் தீர்ப்பைத் துணைக்கு அழைக்க முடியாது. இன்னொன்றும் அதே வழக்கில் வெளிவந்தது: நிலத்துக்காரர் நிறுவனத்துக்குக் கூலி கொடுக்கவில்லை, நிறுவனம்தான் நிலத்துக்காரருக்கு வாரம் 1,000 பவுண் கொடுத்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எல்லோரும் நேரத்துக்கு வண்டியை எடுத்துவிட்டால் அந்த நிறுவனம் நட்டப்படும்.

ஓட்டியவர் பெயரைப் பற்றி. கீப்பரிடம் கேட்கும் உரிமையைச் சட்டம் சும்மா கொடுக்கவில்லை, நிபந்தனைகளோடு கொடுத்தது. வண்டிக் கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கேமராவை மட்டும் நம்பினால், நிறுத்தம் முடிந்த மறுநாள் முதல் எண்ணி 14 நாட்களுக்குள் கடிதம் கீப்பர் கையில் சேர வேண்டும். ஓட்டியவர் பெயரை நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் நிறுவனத்துக்கு அந்த நிபந்தனைகளின் தேவையே இல்லாமல் போகிறது. இதை நீங்கள் ஓட்டை என்கிறீர்கள். உங்களுக்கு ஆயுதம் கொடுத்த அதே அட்டவணைதான் இந்த நிபந்தனையையும் எழுதியது. பாதியை மட்டும் சட்டம் என்று சொல்ல முடியாது. வாசன் அண்ணாவுக்கு ஒன்பது நாளில் கடிதம் வந்துவிட்டது, ஆகையால் 14 நாள் வாதம் அவருக்கு இல்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

கிளாஸ்கோ மருமகன்
இடையில் ஒரு சிறு குறிப்பு: நான்காம் அட்டவணை ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. அங்குள்ள உறவினருக்கு இந்த விவாதத்தை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். அதேபோல் நகரசபை அனுப்பும் தண்ட அறிவிப்பும் வேறு சட்டத்தில் வருவது; கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள், 'பெனால்ட்டி' என்று இருந்தால் இங்கே பேசுவது எதுவும் பொருந்தாது. தனியார் அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்', நகரசபை அனுப்புவது 'பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ்'; இரண்டுக்கும் பிசிஎன் என்றே சுருக்கப்பெயர் இருப்பது தற்செயல் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

கணக்கர்
நாற்பது பவுண் பந்தயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 100 பவுண் என்பது அந்தத் துறையின் விதிமுறையிலேயே உள்ள உச்சவரம்பு. பத்து நிமிட அவகாசமும் கொடுக்கிறார்கள். எல்லாம் ஓர் ஒழுங்குக்குள் வந்துவிட்ட பிறகும் ஏன் இத்தனை கோபம்?

நிலாமதி
அந்த ஒழுங்கை எழுதியவர் யார் என்பதுதான் கேள்வி. 2019இல் நாடாளுமன்றம் தனியார் தரிப்பிட விதிமுறைக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி அரசு 2022 பெப்ரவரியில் விதிமுறையை வெளியிட்டது. லண்டனுக்கு வெளியே பெரும்பாலான மீறல்களுக்கு 50 பவுண்தான் உச்சம். நிறுவனங்கள் நீதிமன்றம் போயின; ஜூன் மாதமே அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்த வெற்றிடத்தில் பிபிஏயும் ஐபிசியும் சேர்ந்து 2024இல் தாங்களே ஒன்றை எழுதிக்கொண்டன. உங்கள் 100 அதில் உள்ளது. 2025 ஜூலையில் அரசு தன் விதிமுறை பற்றி மறுபடியும் கருத்துக் கேட்டது. அந்தச் சங்கங்கள் எழுதியதை, ஆடு நனைகிறதே என்று ஓநாய் எழுதிய விதிமுறை என்று சொல்ல மாட்டேன். சில நல்ல விதிகள் அதில் உண்டு. ஆனால் எதிர்த்து எழுதுகிறவரை நேரத்தை வீணாக்குபவர் என்று சொல்லும் அளவுக்கு அது நடுநிலையானது அல்ல.

ஹாரோ கடைக்காரர்
நான் நிறுவனங்களின் வக்கீல் அல்ல. வாசன் தம்பி இரண்டு தடவை போனது உண்மையானால் அவர் ஒரு சதமும் கட்டக் கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன். அதற்குக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது, இங்கே யாரும் சொல்லவில்லை. பொருள் வாங்கிய கடையின் மேலாளரிடம் ரசீதோடு போய் நில்லுங்கள். என் வாடிக்கையாளர் இரண்டு பேருக்கு வந்த அறிவிப்பை, நான் வளாகத்தின் நிர்வாக முகவருக்கு ஒரு வரி எழுதியே ரத்துச் செய்வித்திருக்கிறேன்.

நிலாமதி
நல்ல வழி; அதை முதலில் செய்யுங்கள். ஆனால் மேலாளர் "பார்க்கிறேன்" என்று சொல்லும்போது நாட்கள் நிற்பதில்லை. ஆகவே அதே வாரத்தில் நிறுவனத்துக்கும் எழுதிவிடுங்கள். 10.40க்கும் 3.10க்கும் இடையில் வண்டி வேறிடத்தில் இருந்ததற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

லெஸ்டர் வாசன்
நான்கு மைல் தள்ளி உள்ள பெட்ரோல் நிலையத்தில் 11.20க்கு அட்டையில் பணம் செலுத்திய ரசீது. மூன்று மணிக்கு முன் வீட்டு வாசலில் வண்டி நின்றதைக் காட்டும் கதவுமணிக் கேமராப் பதிவு. இரண்டையும் இணைத்து, வண்டி இரண்டு தடவை வந்துபோனது என்றும், அன்றைய நாள் முழுவதும் என் வண்டி எண்ணுக்குப் பதிவான எல்லாப் படங்களையும் அனுப்ப வேண்டும் என்றும் எழுதிவிட்டேன். ஓட்டியவர் பெயரை எழுதவில்லை. கடைக்கார அண்ணா மன்னிக்க வேண்டும்.

லெஸ்டர் வாசன் (பத்தொன்பது நாட்களுக்குப் பின்)
பதில் வந்தது. "நல்லெண்ண அடிப்படையில் இம்முறை இந்தக் கட்டணத்தை ரத்துச் செய்கிறோம், இனிமேல் அறிவிப்புப் பலகைகளைக் கவனித்து நடந்துகொள்ளவும்." நடுவில் காணாமல் போன படங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தவறு அவர்களுடையது, நல்லெண்ணமும் அவர்களுடையதாம்.

கணக்கர்
வாழ்த்துகள். எத்தனை மாலை செலவானது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

லெஸ்டர் வாசன்
இரண்டு. ஒரு மாலைக்கு 30 பவுண் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஹாரோ கடைக்காரர்
இந்தப் பதிலைப் படித்த பிறகு எங்கள் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாக முகவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு வருகையை ஒன்றாகக் கணக்கிட்டு அனுப்பிய அறிவிப்புகள் எங்கள் முப்பத்திரண்டு இடங்களில் கடந்த ஆண்டு எத்தனை, அவற்றில் எதிர்த்து எழுதாமலே பணம் கட்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அது நிறுவனத்தின் வணிகத் தகவல், குத்தகைக்காரருக்குத் தர இயலாது என்று பதில் வந்திருக்கிறது. என் கடை வாடிக்கையாளரைப் பற்றிய கணக்கு எனக்கே தர முடியாதாம். அடுத்த குத்தகைப் புதுப்பிப்பில் இதை எழுத்தில் கேட்கப் போகிறேன். நிலாமதி, அந்த வரியை எப்படி எழுதுவது என்று ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.