பசராவில் செத்துப்போன பெரிய தாத்தா: பதிவு எங்கே தேடுவது?

ஏரிக்கரையான்:
எங்க தாத்தாவோட அண்ணன் முதல் உலகப் போர்ல செத்தவர். ஊர் போளூர் தாலுகா. எங்ககிட்ட மிச்சம் இருக்கிறது அத்தை சொன்ன கதையும் ஒரு தட்டும்தான்.

அவர் ஆண்டை வீட்டுப் படியாள். பல்லு விழுந்து முளைக்கிற வயசுலேயே மாட்டுக்கொட்டாய் கூட்டப் போனவராம். அவங்கப்பா கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்கு இவர் உழைச்சார். மாடு பூட்டிக் கிணத்துத் தண்ணி இறைக்கிற கவலை ஓட்டுறது, மல்லாட்டைக் கொல்லையில ராக்காவல் படுக்கிறது, எல்லாம் இவர்தான். கூலி கேழ்வரகு. ஒருநாள் விடியக்காலம் மாடு ரெண்டும் கிணத்து மேட்டுல நிக்குது, ஆளைக் காணோம். போளூர்ல ரயிலேறி, காட்பாடி போய், அங்கேருந்து பெங்களூர் பட்டாளம். மணியார்டர் வந்தப்பதான் வீட்டுக்கே தெரிஞ்சுது. அந்தப் பணமும் கடன்லதான் கழிஞ்சுதாம்.

ஒரே ஒரு தடவை லீவுல வந்திருக்கார், பூட்ஸ் போட்டுக்கிட்டு. எங்க ஆளுங்க ஊர்த்தெருவுல செருப்பே போடக்கூடாத காலம். நேரா டக்கு டக்குன்னு நடந்து வந்தார்னு பெரியப்பா சொல்வார். அத்தை அதை ஒத்துக்கவே மாட்டாங்க. தெருமுனையில கழட்டி, கயித்தை முடிச்சுப் போட்டுக் கழுத்துல மாட்டிக்கிட்டு, சேரி எல்லை வந்ததும் மறுபடி போட்டுக்கிட்டாராம். எனக்கு அத்தை சொல்றதுதான் நடந்திருக்கும்னு தோணுது. பெரியப்பாவுக்குக் கொஞ்சம் சினிமாப் பைத்தியம்.

அப்புறம் வரவே இல்லை. "பசராவுல செத்தான்" அவ்வளவுதான்.

தட்டு வெண்கலம், சாண் அகலம்கூட இல்லை. மாவுப் பானைக்கு மூடியா இருந்து, புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு எழுத்தெல்லாம் மழுங்கிப் போச்சு. ஒரு பொம்பளை நிக்கிறா, கூட ஒரு சிங்கம். இது என்ன? இதை வெச்சு அவரைக் கண்டுபிடிக்க முடியுமா?

காசுப்பித்தன்:
தோழர், தயவுசெய்து இனிமேல் புளி போடாதீங்க! அது போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தகடு. 12 சென்டிமீட்டர் வட்டம். அந்தப் பெண் பிரிட்டானியா, பிரிட்டன் நாட்டின் உருவகம். ஒரு சின்னக் கட்டத்துக்குள் இறந்தவர் பெயர் மட்டும் இருக்கும். பதவி கிடையாது, தளபதியானாலும் சிப்பாயானாலும் ஒரே மாதிரிதான். சாய்வா வெளிச்சம் அடிச்சுப் படம் எடுத்துப் பாருங்க, மழுங்கின எழுத்தும் தெரியும். விளிம்புல ஓடுற வாசகத்துக்கு அர்த்தம், "இவன் சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் இறந்தான்".

கூடவே வெள்ளி மெடல் ஒண்ணும் வந்திருக்கணும். அதன் விளிம்புல நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறிச்சிருப்பாங்க. அது கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது.

ஏரிக்கரையான்:
வெள்ளி மெடல்... அத்தைகிட்ட கேட்டேன். பாட்டி கல்யாணத்துக்கு உருக்கிக் கொலுசு பண்ணிட்டாங்களாம். அந்தக் கொலுசும் 1970-கள்ல அடகுல மூழ்கிப் போச்சு.

படியாளாவே இருந்துட்டு ஓடினவர் சுதந்திரத்துக்காகச் செத்தார்னு வெள்ளைக்காரன் எழுதி அனுப்பிச்சிருக்கான். நாங்க அதை வெச்சு மாவை மூடி வெச்சிருக்கோம்.

பழைய சாப்பர்:
தம்பி, நான் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்து ரிட்டயர் ஆனவன். பெங்களூர் பட்டாளம் என்றால் அநேகமாக எங்கள் படைதான். அந்தக் காலத்திலிருந்தே உங்கள் சனங்களை நிறையச் சேர்த்த படை இது. சிப்பாய்க்கு அப்போது மாதம் 11 ரூபாய் சம்பளம். சாப்பர் கையில் துப்பாக்கியும் உண்டு, மண்வெட்டியும் உண்டு. பாலம், ரோடு, பதுங்குகுழி எல்லாம் நாங்கள்தான். உங்கள் தாத்தா அங்கே போயும் மண்தான் வெட்டியிருப்பார், ஆனால் காசுக்கு.

பசரா என்பது பஸ்ரா, இன்றைய ஈராக். அந்த மெசபடோமியா சண்டையில் குண்டு பட்டுச் செத்தவர்கள் மட்டுமல்ல, வெயிலிலும் காலராவிலும் சீதபேதியிலும் போனவர்களும் ஏராளம். அதனால் எப்படிச் செத்தார் என்று வீட்டில் ஒரு கதையை முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

கல்வெட்டுக்கிறுக்கன்:
உங்க ஊர்லயோ பக்கத்து ஊர்லயோ பழைய கட்டடச் சுவர்ல ஒரு கல் பதிச்சிருக்கான்னு பாருங்க. "இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், இவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள்"னு இருக்கும். எண்ணிக்கை மட்டும்தான், பெயர் இருக்காது.

பெயருக்கு, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளம் போங்க. இலவசம். நேராப் பெயரைப் போட்டுத் தேடினா கிடைக்காது, நம்ம பெயரையெல்லாம் குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதியிருப்பான். கூடுதல் தகவல்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல "போளூர்"னும் "வடஆற்காடு"ன்னும் இங்கிலீஷ்ல போடுங்க. இன்னாரின் மகன், இன்ன ஊர்னு நிறையப் பேருக்குப் பதிவு இருக்கு. அப்பா பெயரை வெச்சு ஆளைப் பிடிச்சிடலாம்.

உடம்பு கிடைக்காதவங்களுக்குப் பஸ்ராவுல ஒரு நினைவுச்சின்னம் இருக்கு, 40,000 பேருக்கு மேல. ஆனா அந்தச் சுவர்ல நம்ம சாதாரண சிப்பாய்ங்க பெயரைப் பொறிக்கலை, ஏட்டுல மட்டும்தான் எழுதினாங்க. இந்த மாதிரிப் பாகுபாடு நடந்ததுன்னு ஆணையமே 2021-ல அறிக்கை விட்டு மன்னிப்புக் கேட்டுச்சு. அந்தச் சுவரே இப்போ பழைய இடத்துல இல்லை. 1997-ல பெயர்த்து, நாசிரியா போற ரோட்டுல 32 கிலோமீட்டர் தள்ளி வெச்சிட்டாங்க.

ஏரிக்கரையான்:
கிடைச்சிட்டார்னு நினைக்கிறேன். நாலு ராத்திரி ஆச்சு.

பழைய சாப்பர் ஐயா சொன்ன படைதான். ஊர் பெயர்ல ரெண்டு எழுத்தை முழுங்கியிருக்கான், அவர் பெயர் பாதிதான் இருக்கு, ஆனா அப்பா பெயர் அட்சரம் பிசகலை. தகட்டை டார்ச் அடிச்சுப் பார்த்ததுல தெரியுற முதல் மூணு எழுத்தும் பொருந்துது. நினைவிடம் பஸ்ரா. எப்படிச் செத்தார்னு இல்லை. வயசு இருக்கு, 20. நாங்க இத்தனை நாளா மீசை வெச்ச பெரிய ஆளா நினைச்சுக்கிட்டிருந்தோம்.

போன் போட்டு அத்தைக்கு முழுசும் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த பூட்ஸு என்னாச்சுன்னு ஏதாச்சும் எழுதியிருக்கானா பாருடா"ன்னாங்க.