என்.எஃப்.டி.க்குத் தமிழில் ‘தனிச்சீட்டு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். என்.எஃப்.டி. (non-fungible token) என்பது பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் பகிர்ந்து வைத்திருக்கும் சங்கிலித்தொடர்ப் பதிவேட்டில், ஒரு படத்தையோ வேறு பொருளையோ சுட்டும் தனித்த பதிவு. அந்தப் பதிவைத்தான் டோக்கன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் சொல்லப்படும் பெயர்களைப் பற்றிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘பரிமாற்ற முடியாத அடையாள வில்லை’ என்பதையே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்பேன். முதலில், அதன் பொருளே தவறு. என்.எஃப்.டி. தாராளமாகக் கைமாறும், விற்கலாம், வாங்கலாம். முடியாதது வேறொன்று: ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. கடனாக வாங்கிய பணத்தாளுக்கு ஈடாக அதே மதிப்புள்ள வேறொரு தாளைத் திருப்பித் தரலாம். இருக்கை எண் போட்ட பயணச்சீட்டில் அது நடக்காது, என் இருக்கை வேறு, உங்கள் இருக்கை வேறு. ‘பரிமாற்ற முடியாத’ என்றதும் படிப்பவர் நேர் எதிராகப் புரிந்துகொள்வார்.

என்னை அதிகம் உறுத்துவது ‘அடையாளம்’ என்ற சொல்தான். டோக்கனுக்கும் அதுவே, பண்பாட்டு அடையாளத்துக்கும் அதுவே என்றால் இந்தத் துறையைப் பற்றித் தமிழில் தெளிவாக ஒரு பத்தி எழுத முடியாது. ‘ஓர் இனக்குழுவின் அடையாளம் விற்கப்பட்டது’ என்று எழுதினால் விற்றது எது? பிளாக்செயினில் இருக்கும் ஒரு பதிவா, அந்த மக்களின் மரபா? இந்தக் குழப்பத்தை நாமே சொல்லுக்குள் வைத்துத் தைத்துவிடக் கூடாது.

ஓர் உண்மை நிகழ்வை வைத்துப் பார்ப்போம். 1931இல் காங்கோவில் பெண்டே மக்கள் காலனி ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தபோது மாக்ஸிமிலியன் பலோ என்ற பெல்ஜிய அதிகாரி கொல்லப்பட்டார். அவருடைய ஆவியைக் கட்டிவைக்க ஒரு மரச்சிலை செதுக்கினார்கள். அந்தச் சிலை பிற்காலத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காங்கோவின் லுசங்காவில் உள்ள தோட்டத் தொழிலாளர் கலைக்குழு அதை இரவல் கேட்டது, கிடைக்கவில்லை. 2022இல் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இருந்த படத்தைக் கொண்டே என்.எஃப்.டி.க்களை உருவாக்கினார்கள். விற்ற பணத்தில் தங்கள் நிலத்தை மீட்பது நோக்கம். அனுமதியின்றிப் படத்தை எடுத்ததாக அருங்காட்சியகம் எதிர்ப்புத் தெரிவித்தது. 2024இல் சிலையே இரவலாக லுசங்காவுக்கு வந்தது.

இதில் சிலை, அதன் படம், படத்தைச் சுட்டும் டோக்கன், சிலைமேல் பெண்டே மக்களுக்கு உள்ள உறவு என நான்கு உண்டு. நான்கும் வேறு வேறு. நம் சொல் மூன்றாவதை மட்டும் குறிக்க வேண்டும்.

> ‘தனிப்பத்திரம்’ என்றால் உரிமை என்ற பொருளும் கிடைத்துவிடுமே?

அதனால்தான் தயங்குகிறேன். பத்திரம் என்றால் யாரோ சரிபார்த்துப் பதிந்தார்கள், சட்டம் பின்னால் நிற்கிறது என்ற நம்பிக்கை கூடவே வருகிறது. இங்கே அப்படி எவரும் சரிபார்ப்பதில்லை. அடுத்தவர் வரைந்த ஓவியத்தையும் எவரோ ஒருவர் ஏற்றிவிட முடியும். பெரும்பாலான நேரங்களில் படம்கூடப் பிளாக்செயினுக்குள் இருப்பதில்லை, அது இருக்கும் முகவரிதான் இருக்கிறது. படைப்பின் பதிப்புரிமையும் தானாகக் கைமாறுவதில்லை. பாட்டி காலத்துக் கோலத்தையோ ஒரு குலத்தின் நெசவு வடிவத்தையோ முன்பின் தெரியாத ஒருவர் ஏற்றினால், அவர் கையில் ‘பத்திரம்’ இருக்கிறது என்று தமிழ் சொல்லக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

ஆகவே என் பரிந்துரை: தனிச்சீட்டு. ‘தனி’ என்பது ஒன்றுக்கொன்று ஈடாகாத தன்மையைச் சொல்கிறது. ‘சீட்டு’ கையில் இருப்பது, கைமாறுவது, எதையோ சுட்டுவது. சுட்டப்படும் பொருளே நான்தான் என்று அது சொல்லிக்கொள்வதில்லை. தனிச்சீட்டுக் கலை, தனிச்சீட்டுச் சந்தை, தனிச்சீட்டாக்குதல் என்று தடையில்லாமல் வளர்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. என்.எஃப்.டி.க்கள் எப்படி இயங்க வேண்டும் என்று வகுத்து 2018இல் எழுதப்பட்ட ஈ.ஆர்.சி.-721 நெறிமுறையிலேயே பெயர்த்தேர்வு பற்றி ஒரு குறிப்பு உண்டு. ‘டீட்’ (deed, பத்திரம்) என்பது சில பயன்பாடுகளுக்கு நன்கு பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறார்கள். பரிசீலித்த மாற்றுப் பெயர்களில் ‘டிக்கெட்’டும் இருக்கிறது. அதாவது பத்திரமா சீட்டா என்ற நம் கேள்வி அவர்களுக்கும் வந்திருக்கிறது.

சீட்டு என்றால் சூதாட்டமும் ஏலச்சீட்டும் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் பயணச்சீட்டு, மருந்துச்சீட்டு, வாக்குச்சீட்டு என்று முன்னொட்டு சேர்ந்தால் அந்த வாடை போய்விடுகிறது. தனிச்சீட்டிலும் போகும் என்று நம்புகிறேன்.

டோக்கனைப் புதிதாக உருவாக்குவதை ‘மின்ட்’ (mint) செய்வது என்கிறார்கள். அதற்குப் ‘பொறித்தல்’ போதும். காசுக்கும் அதைத்தான் சொல்கிறோம்.

வேறு சொல் வைத்திருப்பவர்கள் அதை இந்த வாக்கியத்தில் பொருத்திப் பார்த்து எழுதுங்கள்: “சிலை அருங்காட்சியகத்தில் இருந்தது, தனிச்சீட்டைத் தொழிலாளர்கள் பொறித்தார்கள், அடையாளம் பெண்டே மக்களுடையது.”