குழந்தைக்கு அவசர சிகிச்சை: கையெழுத்து கேட்கும்போது நாம் என்ன கேட்பது?

கயல் அம்மா:
போன மாதம் என் பத்து மாதக் குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்து, நள்ளிரவில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார்கள், முழுக்க ஆங்கிலம். மாமியாரோ முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று ஒரே அழுகை. அதோடு அப்பா கையெழுத்துதான் வேண்டுமாம். ஓசூரில் வேலையில் இருந்த அவர் போனில் சரி சொன்ன பிறகே என்னைப் போடவிட்டார்கள். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் நான் சம்மதித்தேனா, பயத்தில் போட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. உங்களுக்கு எப்படி நடந்தது?

செவிலி எஸ்:
குழந்தைகள் அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். இந்த ஊசியை இடுப்புப் பக்கம், தண்டுவடம் முடிந்த பிறகு அதற்குக் கீழேதான் போடுவார்கள், அதனால் கால் போய்விடும் என்ற பயம் வேண்டாம் என்று உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைப்பு மாதிரி அடையாளங்கள் தெளிவாகத் தெரியாது, ஆன்டிபயாடிக் போன பிறகு எடுத்தால் கிருமி சோதனையில் சிக்காமலும் போகலாம், அதுதான் அவசரத்துக்குக் காரணம். (நீர் எடுக்கத் தாமதமானால் மருந்தை நிறுத்திவைக்க மாட்டோம்.) இதையெல்லாம் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஊசியைத் தயார் செய்யும் நேரத்திலேயே ஒருவர் சொல்லிவிடலாம், சொல்லியிருக்க வேண்டும்.

திருப்பூர் ரவி:
என் பையனுக்கு மூச்சுத்திணறல் வந்து குழாய் போட வேண்டியிருந்தது. அந்த டாக்டரம்மா முதலில் குழாயைப் போட்டுவிட்டு, அப்புறம் வெளியே வந்து, ஏன் காத்திருக்க முடியவில்லை, இனி என்னென்ன செய்வோம் என்று நிதானமாகச் சொன்னார். கையெழுத்து அதற்குப் பிறகுதான். எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

வழக்கறிஞர் மீனா:
ரவி அண்ணன் சொன்னது சட்டப்படியும் சரி. உயிர் ஆபத்தில் இருந்து, சம்மதம் வாங்க நேரமோ ஆளோ இல்லாதபோது நல்லெண்ணத்தில் செய்த சிகிச்சைக்கு புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 92). ஆனால் பெற்றோர் எதிரிலேயே நிற்கும்போது சொல்லித்தான் ஆக வேண்டும். என்ன செய்யப்போகிறார்கள், எதற்கு, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சொல்லி வாங்குவதுதான் சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் 2008லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கயல் அம்மா, இந்த ஐந்தையும் நீங்களே கேளுங்கள், ஆங்கிலத் தாள் என்றால் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்பா பக்கத்தில் இல்லாதபோது அம்மாவும் இயற்கைப் பாதுகாவலர்தான், 1999 கீதா ஹரிஹரன் வழக்கின் தீர்ப்பு அது. ஓசூருக்குப் போன் போட்டுக் காக்கவைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கயல் அம்மா:
நன்றி மீனா. அந்தத் தாளின் நகலை இப்போது கேட்டால் தருவார்களா?

வழக்கறிஞர் மீனா:
எழுதிக் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையிலேயே இருக்கிறது.