டேல் கார்னகி நிறுவனம் நிறுவியவருக்குப் பிறகும் வளர்ந்தது எப்படி?

மேடைநேசன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பேச்சுப் பயிற்சி அளிக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் நான் பங்குதாரராக இருக்கிறேன். எங்களிடம் சேர்வோரில் பெரும்பாலோர் முதன்மைப் பயிற்றுநர் ஒருவரை நம்பியே வருகிறார்கள். அவருக்கு உடல்நலமில்லை என்றால் அன்றைய வகுப்பையே தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் டேல் கார்னகி நிறுவனத்தின் வரலாறு என்னை ஈர்க்கிறது. 1912இல் நியூயார்க்கின் ஒய்.எம்.சி.ஏ. (கிறித்தவ இளைஞர் சங்கம்) ஒன்றில் டேல் கார்னகி நடத்திய பேச்சுப் பயிற்சி மாலை வகுப்பாகத் தொடங்கியது அது. கார்னகி 1955இல் காலமானார். நிறுவனமோ இன்று 80க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. அவர் எழுதிய ‘How to Win Friends and Influence People’ என்ற நூலின் புகழ் மட்டுமே இதற்குக் காரணமா? அப்படியொரு நூல் இல்லாத எங்களைப் போன்றோர் எடுத்துக்கொள்ளக்கூடியது ஏதேனும் உண்டா?

தணிகைவேலன்:

ஐயா, அந்த நூல் வெளிவந்தது 1936இல். அதற்கு முன்பே 24 ஆண்டுகளாக வகுப்பு நடந்துகொண்டிருந்தது என்பதை முதலில் கருத்தில் கொள்ள வேண்டும்.

மிசௌரி மாநிலத்து உழவர் குடும்பத்தில் பிறந்த கார்னகி, இறைச்சி நிறுவனமொன்றின் விற்பனையாளராக ஊர் ஊராகச் சுற்றி, நடிப்புப் பள்ளியிலும் படித்துப் பார்த்த பிறகே இத்தொழிலுக்கு வந்தார். ஓர் இரவுக்கு இரண்டு டாலர் சம்பளம் கேட்டபோது, ஒய்.எம்.சி.ஏ. அதை மறுத்து, இலாபத்தில் ஒரு பங்கு தர மட்டுமே இசைந்தது. மாணவர்களும் கட்டணத்தைத் தவணை முறையில் செலுத்தினார்கள். பயன் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அடுத்த தவணை வராது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அலங்காரப் பேச்சின் இலக்கணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தால் அவருக்கு அன்றாடச் செலவுக்கே வழியிருந்திருக்காது. தொடக்க வகுப்பில் கையிலிருந்த பாடம் தீர்ந்துபோனதும், தங்களுக்குக் கோபமூட்டிய ஒன்றைப் பற்றிப் பேசுமாறு மாணவர்களைக் கேட்டுக்கொண்டார் என்று சொல்வார்கள். நடுக்கம் மறந்து பேசினார்கள். அந்த முறையே பிறகு பயிற்சியின் உயிர்நாடியாயிற்று: ஒவ்வொருவரும், ஒவ்வொரு வகுப்பிலும், தம் சொந்த அனுபவத்திலிருந்து ஓரிரு நிமிடம் பேச வேண்டும்.

உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். மாணவர் பேசுவதே பாடம் என்றாகிவிட்டால், பயிற்றுநர் பெரிய பேச்சாளராக இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. நேரத்தைக் காத்து, தயங்குபவரை எழுப்பி, பேசி முடித்தவரிடம் நிறையை எடுத்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் போதும். அத்தகையவரைப் பயிற்றுவித்து உருவாக்கிவிடலாம்.

கோமதி ச.:

தணிகைவேலன் அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நூலை இவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தின் லியோன் ஷிம்கின் 1934இல் இந்த வகுப்பில் மாணவராகச் சேர்ந்தார்; அங்கே கேட்டவற்றை நூலாக்க வேண்டுமென்று வற்புறுத்தியவர் அவரே. ஆக, வகுப்பு நூலைப் பெற்றெடுத்தது. நூல் பல மடங்கு மாணவர்களை வகுப்புக்கு அனுப்பியது. அந்தக் கூட்டத்தை ஒருவரே சமாளிக்க முடியாது என்பதால், 1940களில் பிற ஊர்களில் உள்ளவர்களுக்கு உரிமம் கொடுத்து நடத்தச் செய்யும் முறை வந்தது. கார்னகியின் மறைவுக்குப் பிறகு பொறுப்பேற்ற அவருடைய மனைவி டோரதி, பாடத்திட்டத்தையும் பயிற்றுநர் தேர்வையும் தலைமையகத்தின் பிடியிலிருந்து நழுவவிடாமல் பல ஆண்டுகள் நடத்தினார். வளர்ச்சியைப் பேசும்போது இவருடைய பங்கை நம்மவர்கள் ஏனோ விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது நெடுநாள் மனக்குறை.

பயிற்றுநர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். படித்து முடித்தவர்களில் ஆர்வமுள்ளவர்கள் அடுத்த அணிக்கு உதவியாளர்களாகத் திரும்பி வந்தார்கள். அவர்களில் சிலர் முறையான பயிற்சி பெற்றுப் பயிற்றுநர்களானார்கள். ஆள் தேடி வெளியே அலைய வேண்டிய தேவை குறைந்தது.

இளங்கோ_தணிக்கை:

மாணவர்களின் வாய்மொழிக்கு, அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் நல்ல எடுத்துக்காட்டு. பலர் முன் பேசுவதை நினைத்தாலே குமட்டும் அளவுக்கு அஞ்சியவர், 1950களின் தொடக்கத்தில் ஒமாஹாவில் 100 டாலர் கட்டி இந்தப் பயிற்சியை முடித்தார். சிறப்பாகச் செய்பவருக்கு அங்கே பரிசாகக் கொடுத்தது ஒரு பென்சில்! அதை வென்ற வாரத்திலேயே தம் வருங்கால மனைவியிடம் திருமணப் பேச்சை எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கற்றது மறந்துவிடக் கூடாதென்று உடனே ஒமாஹா பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பெடுக்கவும் போனார். அவர் அலுவலகச் சுவரில் மாட்டியிருப்பது பட்டங்களை அல்ல, இந்தப் பயிற்சியின் சான்றிதழை. எந்த விளம்பரத்தைவிடவும் இத்தகைய மாணவரின் வாய்மொழி வலியது.

ஒரு மறுபக்கமும் உண்டு. 1924இல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனா ஒய்.எம்.சி.ஏ.வில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சிக் கழகம், இலாப நோக்கின்றி, சம்பளம் வாங்கும் பயிற்றுநரே இல்லாமல், உறுப்பினர்களே ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையில் உலகெங்கும் பரவியது. அங்கும் பேசுபவர் மாணவர்தான். ஆகவே உரிமமும் விற்பனையும் இல்லாமலும் இந்த முறை பரவக்கூடியது என்றே நான் கொள்கிறேன். கட்டணம் வாங்குபவர்கள், அதற்கு ஈடாகப் பயிற்றுநரின் தரத்தை உறுதிசெய்தாக வேண்டும்.

மேடைநேசன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் வகுப்பில் முக்கால் பங்கு நேரம் பயிற்றுநரே பேசுகிறார். சிக்கலின் வேர் அங்கேதான் என்பது இப்போது தெளிவாகிறது. அடுத்த அணியிலிருந்து இதைத் திருப்பிப்போட முயல்கிறோம்; பழைய மாணவர்களில் சிலரை உதவியாளர்களாக அழைக்கவும் எண்ணம். அவர்களுக்குப் பேச்சை மதிப்பிடும் பயிற்சியை முதலில் கொடுப்பதா, வகுப்பை நடத்தும் பயிற்சியை முதலில் கொடுப்பதா என்பதில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

கோமதி ச.:

மதிப்பிடும் பயிற்சியையே முதலில் கொடுங்கள். அதிலும், குறையைச் சுட்டுவதற்கு முன் பேசியவர் உண்மையிலேயே நன்றாகச் செய்த ஒன்றைக் குறிப்பாக எடுத்துச் சொல்லும் பழக்கம் வர வேண்டும். புதிதாக வருபவர் அடுத்த வாரமும் வருவாரா என்பது பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தைப் பொறுத்தது.