நியூட்ரலில் உறுமல், கிளட்ச் மிதித்தால் அமைதி: கோளாறு எங்கே?

செம்மண்:
வணக்கம். என்னுடையது பழைய ஜீப். நான்கு கியர், தனி டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி). எஞ்சின் ஓடும்போது நியூட்ரலில் பெடலைத் தொடாமல் இருந்தால் அடியிலிருந்து கரகரவென்று உறுமல் வருகிறது. கிளட்சை முழுவதும் மிதித்தால் ஓரிரு நொடியில் அடங்கிவிடுகிறது. ரிவர்ஸ் போடும்போது பல் உரசும் சத்தமும் உண்டு. பட்டறையில் கிளட்சை மாற்றச் சொல்கிறார்கள். இந்த வண்டியை விற்கும் எண்ணமே எனக்கு இல்லை; கோளாறு எங்கே என்று தெரிந்துகொண்டு சரிசெய்ய விரும்புகிறேன்.

பட்டறைக்காரர்:
தம்பி, கிளட்சுக்குச் செலவழிக்க அவசரப்படாதீர்கள். பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் கெட்டிருந்தால் மிதிக்கும்போதுதான் கத்தும், காலை எடுத்தால் அடங்கும். உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. நியூட்ரலில் பெடல் மேலே இருக்கும்போது இன்புட் ஷாஃப்டும் (கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் வரும் தண்டு) அதனோடு பல் கோத்த லே ஷாஃப்டும் (பக்கத்தில் இணையாக ஓடும் தண்டு) சுற்றிக்கொண்டே இருக்கும். மிதித்தால் இரண்டும் நின்றுவிடும். ஆகவே கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்குகள் மீதுதான் என் சந்தேகம்.

இரண்டில் எது என்பதை ஓட்டிப் பார்த்தே அறியலாம். பெரும்பாலான நான்கு கியர் பெட்டிகளில் நான்காவது நேரடி கியர்; இன்புட் ஷாஃப்டின் சுழற்சி லே ஷாஃப்ட் வழியாகப் போகாமல் அப்படியே வெளியே போகும். லே ஷாஃப்ட் சுமையில்லாமல் சும்மா சுற்றும். 1, 2, 3 கியர்களில் உறுமி, நான்காவதில் தெளிந்தால் லே ஷாஃப்ட் பேரிங். நான்கிலும் உறுமினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்த பெட்டியும் இப்படித்தான் உறுமும். வடிக்கும்போது வடிகால் திருகின் காந்தத்தில் மாவு போன்ற சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலை வேண்டாம், அது வழக்கமான தேய்மானம். விரலில் உறுத்தும் இரும்புச் செதில் வந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். பொன்னிறத் துகள் என்றால் சிங்க்ரோ வளையம் (கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை வளையம்) தேய்கிறது. புது ஆயில் வாங்கும்போது தயாரிப்பாளர் கையேடு ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர வகை) என்றால் அதையே ஊற்றுங்கள். ஜிஎல்-5 ஆயில்கள் சிலவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோவை அரிக்கும்.

ஆற்றுத்தடம்:
ரிவர்ஸ் சத்தத்தைத் தனியாகப் பாருங்கள். பழைய பெட்டிகள் பலவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. பெடலை முழுவதும் மிதித்து ஐந்து நொடி பொறுத்துப் போடுங்கள். உரசாமல் விழுந்தால் அது கோளாறே அல்ல. அப்போதும் உரசினால் கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்று பொருள்: பெடலின் வெற்று அசைவு (ஃப்ரீ பிளே) அதிகம், ஹைட்ராலிக்கில் காற்று, அல்லது இன்புட் ஷாஃப்டின் முனையை எஞ்சின் பக்கம் தாங்கும் பைலட் பேரிங் இறுகி இன்புட் ஷாஃப்டை இழுத்துச் சுற்றுகிறது.

வண்டி ஆழமான தண்ணீரில் இறங்கியதுண்டா? கிளட்ச் கூட்டுக்குள் நீர் புகுந்தால் தட்டு துருவேறி ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும், ரிலீஸ் பேரிங்கின் கிரீஸும் கழுவிப்போகும். கூட்டின் அடியில் உள்ள வடிகால் துளையையும் பாருங்கள். அங்கே எஞ்சின் ஆயில் சொட்டினால் பின்பக்க ஆயில் சீலும் போயிருக்கிறது.

செம்மண்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரை உறுமல், நான்காவதில் ஏறக்குறைய மறைகிறது. ஆயில் அளவு குறைந்திருந்தது. வடித்ததில் சில செதில்களும் வந்தன. பொறுத்துப் போட்டால் ரிவர்ஸ் சத்தமின்றி விழுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸையும் சோதிக்க வேண்டுமா?

பட்டறைக்காரர்:
அப்படியானால் லே ஷாஃப்ட் பேரிங்தான். இனி ஓட்டாதீர்கள்; செதில் பற்களுக்கிடையே போனால் கியரே உடையும். டிரான்ஸ்ஃபர் கேஸை நின்ற நிலையிலேயே சோதிக்கலாம். அதன் நெம்புகோலை நியூட்ரலில் வைத்து, ஒவ்வொரு கியராகப் போட்டுச் சிறிது நேரம் மட்டும் கேளுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் இதைச் செய்யவே கூடாது: டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியரில் போட்டிருந்தாலும் வண்டி உருளும்.

குறைந்த ஆயில் எங்கே போனது என்பதையும் கண்டுபிடியுங்கள். வெளியே கசிவு தெரியாமல் டிரான்ஸ்ஃபர் கேஸில் அளவு கூடியிருந்தால், இரண்டுக்கும் இடையிலான சீல் தேய்ந்திருக்கிறது. பெட்டியை இறக்கும்போது அதையும் பைலட், ரிலீஸ் பேரிங்குகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கிளட்ச் தட்டை அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். தடிமன் இருந்தால் அதுவே போதும்.